ஈழத்தலரியும் பாவாவின் தோட்டமும்

வெள்ளவத்தையில் என் ராத்தா குடியிருக்கும் தொடர்மாடியில், கடலைப் பார்த்த பல்கனியில் இரண்டு பூச்சாடிகள் இருந்தன. இரண்டையும் கொண்டுபோய் வைத்தவன் நான்தான். ஒன்றில் அந்தூரியம், மற்றதில் அரலியாக் கொப்பொன்று. ஆறு மாதம் கழித்துப் பாடசாலை விடுமுறையில் போய்ப் பார்த்தபோது அந்தூரியம் ஓரமெல்லாம் கருகிச் செத்துப் போயிருந்தது. "உப்புக் காத்துக்குத் தாங்கல்ல தம்பி, நான் தண்ணி ஊத்தாம விடல்ல" என்று ராத்தா சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். அரலியாவோ முனையில் நாலைந்து இலை விட்டு, கடலை ஒரு பொருட்டாகவே எண்ணாமல் நின்றது.

வெள்ளவத்தை என்பதே ஒரு தோட்டத்தின் பெயர்தான். சிங்களத்தில் 'வெல்ல' என்றால் மணல், 'வத்த' என்றால் தோட்டம். காலி வீதியின் இருமருங்கிலும் சுவரோடு சுவராகக் கட்டடங்கள் எழுந்துவிட்ட இந்நாளில் அங்கே மணலும் இல்லை, தோட்டமும் இல்லை. பெயர் மட்டும் பஸ் பலகையில் தொங்குகிறது. ராத்தாவின் அந்த இரண்டு சாடிகளைப் பற்றி எழுதத் தொடங்கினால் அது களுத்துறை மாவட்டத்துக்கும், அங்கிருந்து கொழும்பின் பழைய தோட்டங்களுக்கும் இழுத்துக்கொண்டு போகிறது. போகட்டும்.

2014 ஜூன் 15இல் அளுத்கம, தர்கா நகர், பேருவளைப் பகுதிகளில் நடந்தவற்றை இச்சஞ்சிகையின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உயிர்கள் போயின, வீடுகளும் கடைகளும் எரிந்தன. நான் படிப்பிக்கும் கிராமம் அங்கிருந்து சற்று உள்ளே இருக்கிறது. பாடசாலை மீண்டும் திறந்த முதல் வாரத்தில், எட்டாந் தரத்து வரலாற்றுப் பாடத்தின் நடுவே ஒரு பையன் எழும்பி, "சேர், நாங்க எங்கீந்து வந்த ஆக்கள்?" என்று கேட்டான். கேள்வி அவனுடையது அல்ல. பஸ்ஸிலோ சந்தியிலோ யாரோ அவனிடம் கேட்டது. அரபு வணிகர், காயல்பட்டினம், மலபார், ஜாவா என்று எனக்குத் தெரிந்த பாடத்தை ஒப்புவித்தேன். அவன் கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்ப நாங்க வந்த ஆக்கள்தான்" என்று சொல்லி உட்கார்ந்தான். கலாசாலையில் எனக்குக் கற்பித்த எந்த உளவியல் விரிவுரையிலும் இதற்குப் பதில் இருந்ததாக நினைவில்லை.

அடுத்த தவணையில் வகுப்பைக் கல்விச் சுற்றுலா அழைத்துச் செல்லும் முறை வந்தது. கையில் காசு குறைவு; தூரமும் போக முடியாது. களவிலவில் உள்ள பெவிஸ் பாவாவின் 'பிரீஃப்' தோட்டத்துக்குப் போனோம். ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் நண்பர்களோடு ஒருமுறை அங்கே போயிருக்கிறேன். அப்போது நிழலும் குளிர்ச்சியும்தான் கண்ணுக்குப் பட்டன. இம்முறை வேறு கண்ணோடு பார்த்தேன்.

பெவிஸ் பாவா 1909இல் பிறந்தவர். தந்தை பெஞ்சமின் வில்லியம் பாவா கொழும்பில் பேர்பெற்ற சட்டத்தரணி. தந்தைவழிப் பாட்டனார் அஹமது பாவா ஒரு முஸ்லிம். பாட்டி ஆங்கிலப் பெண்மணி. தாய் பேத்தா ஷ்ரேடரின் வழியில் ஜெர்மன், ஸ்கொட்லாந்து, சிங்கள இரத்தங்கள் கலந்திருந்தன. ஒரு வழக்கை வென்று கிடைத்த பணத்தில் தந்தை வாங்கிய காணி என்பதால் வழக்குக் கட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே தோட்டத்துக்குப் பெயராயிற்று. அக்காணி 1929இல், இருபது வயதில், பெவிஸின் கைக்கு வந்தது. அது தோட்டமல்ல, இறப்பர்க் காணி.

இந்த இறப்பரில் சற்று நிற்க வேண்டும். அமேசன் காட்டிலிருந்து 1876இல் இலண்டன் கியூ தாவரவியற் பூங்காவுக்குப் போன விதைகள் அங்கே முளைத்து, அதே ஆண்டில் நாற்றுகளாகக் கப்பலேறி இலங்கை வந்தன. அவற்றை நட்டுப் பார்ப்பதற்கென்றே கம்பஹாவில் ஹெனரத்கொடத் தோட்டம் அமைக்கப்பட்டது. களுத்துறை மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்களின் அடுப்பை எரியவைத்த இறப்பர் அந்தப் பரிசோதனைப் பாத்தியின் பிள்ளைதான். எங்கள் ஊரில் விடியற்காலையில் பால்வெட்டப் போகும் எவருக்கும் தாம் வெட்டுவது பிரேசில்காரன் என்று தெரியாது. தெரிந்துதான் என்ன செய்யப் போகிறார்கள்?

நட்டுப் பார்க்கும் இந்த வேலை கொழும்புக்குப் புதியதும் அல்ல. கறுவா காட்டிலேதான் வளரும், நட்டு வளர்த்தால் குணம் கெட்டுவிடும் என்று ஒல்லாந்தர் நீண்டகாலம் நம்பிக்கொண்டிருந்தார்கள். தேசாதிபதி ஃபால்க் (ஆட்சி 1765-1785) அதைச் சோதித்துப் பார்க்கத் தம் தோட்டத்தில் கறுவா விதைகளைப் போடுவித்தார். முளைத்த கன்றுகள் விரைவிலேயே வாடிச் செத்தன. காரணத்தைத் தேடியபோது, காட்டுக் கறுவாவை உரித்துப் பிழைத்த ஒருவர் இரவில் களவாக வந்து சுடுநீர் தெளித்துவிட்டுப் போனது தெரியவந்ததாம். 1777இல் இங்கு வந்த சுவீடன் தாவரவியலறிஞர் துன்பர்க் தம் பயண நூலில் இதனைச் சொல்கிறார். பாடப்புத்தகத்தில் இந்தக் கதை இல்லாதது எனக்குப் பெரிய குறை. பரிசோதனைப் பாத்தியால் வயிற்றில் அடிபடப்போகும் மனிதனும் வரலாற்றில் ஒரு பாத்திரம் அல்லவா? இறுதியில் ஃபால்க்கின் முயற்சியே வென்றது. கொழும்பு மருதானையில் கறுவா நடப்பட்டது. இன்று பெருந்தனவந்தர்கள் வாழும் கறுவாத்தோட்டத்துக்குப் பெயர் வந்த வரலாறும் அதுதான்.

பின்னர் ஆங்கிலேயர். 1810இல், சர் ஜோசப் பேங்ஸின் ஆலோசனைப்படி, கொம்பனித்தெருவில் ஒரு தாவரவியற் தோட்டம் திறக்கப்பட்டது. இலண்டன் தோட்டத்தின் பெயரையே இதற்கும் இட்டு, கியூ என்றார்கள். சீனத்துக் கன்டனிலிருந்து ஐரோப்பாவுக்குச் செடிகள் அனுப்பிக்கொண்டிருந்த வில்லியம் கெர் என்ற தோட்டக்காரர் 1812இல் இதன் பொறுப்பாளராக வந்தார்; 1814இல் இறந்துபோனார். தோட்டமும் கொம்பனித்தெருவில் நிலைக்கவில்லை. 1813இல் களுத்துறைக்கும், 1821இல் பேராதனைக்கும் இடம்பெயர்ந்தது. பேராதனைப் பூங்காவைப் பார்த்துப் பிரமிக்கும் நாம், அதன் முதற் பாத்தி மலாய்ச் சகோதரர்களின் ஒழுங்கைகளுக்கு அருகே இருந்ததை நினைப்பதில்லை. கொம்பனித்தெருவில் 'கியூ வீதி' என்ற பெயர்ப்பலகை மட்டும் எஞ்சி நிற்கிறது. வெள்ளவத்தையைப் போலவே.

ஆட்சியாளர்கள் நட்டது வருமானத்துக்காக. பெவிஸ் பாவா செய்தது அதற்கு எதிர்மாறு. வருமானம் தந்த இறப்பரை அகற்றி, பலன் தெரியாத செடிகளை வைத்தார். ஒரே நாளில் அல்ல. 1934 முதல் 1950 வரை தேசாதிபதிகள் நால்வருக்கு மெய்ப்பாதுகாவல் உதவியாளராகக் கொழும்பில் கடமை. ஆறடி ஏழங்குல உயரம். இராணுவத்தில் மேஜர் பதவி. அந்த வேலைக்கு நடுவேதான் களவிலவில் படிப்படியாக மேடு வெட்டி, பள்ளம் நிரப்பி, கல்படி கட்டினார். வரைபடம் போட்டு முடித்த தோட்டமல்ல அது. பிற்காலத்தில் அங்கேயே நாற்றுமேடை வைத்து, மற்றவர்களின் வீடுகளுக்குத் தோட்டம் அமைத்துக் கொடுப்பதைத் தொழிலாகவும் கொண்டார். ஆக, பிரீஃப் அவருக்கு வீடும் ஆயிற்று, கடையும் ஆயிற்று, சோதனைச்சாலையும் ஆயிற்று.

தோட்டம் அமைப்பவருக்குச் சோதனைச்சாலை எதற்கு என்று மாணவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பூ வியாபாரிக்குப் பூ தெரிந்தால் போதும். தோட்டம் அமைப்பவர் பத்து வருடம் கழித்து அந்தச் செடி எப்படி நிற்கும் என்பதை அறிந்திருக்க வேண்டும். எவ்வளவு அகலும்? அதன் நிழலில் வேறெது உயிர்வாழும்? அடைமழையில் வேர் அழுகுமா? ஜனவரி வெயிலில் இலை சுருளுமா? இதை எந்தப் புத்தகமும் களவிலவுக்கென்று எழுதிவைக்கவில்லை. நட்டுத்தான் பார்க்க வேண்டும். ஒரே செடியை மேட்டில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று, மூங்கில் நிழலில் ஒன்று என்று வைத்து, இரண்டு மழைக்காலம் பொறுத்திருக்க வேண்டும். தேறியதை வெட்டித்துண்டாகவோ பதியனாகவோ பெருக்க வேண்டும். தேறாததைப் பிடுங்கி எருக்கிடங்கில் போட வேண்டும். ராத்தாவின் பல்கனியில் நான் அறியாமல் நடத்தியதும் இதே சோதனைதான். ஈரமும் நிழலும் கேட்கும் அந்தூரியத்தைக் கடற்காற்றில் வைத்தேன். தோற்றது செடியல்ல, தோட்டக்காரன்.

பிரீஃபில் எனக்குப் பிடித்தது அங்குள்ள பச்சையின் வகைகள். பாசி படிந்த படிகள், பன்னங்கள், அந்தூரியத்தின் பளபளக்கும் இலை, மூங்கில், பாக்குவகை மரங்கள். ஒரு வளைவில் நின்றால் அடுத்த வளைவு தெரியாது. பிள்ளைகள் ஒளித்துப் பிடித்து விளையாடத் தொடங்கிவிட்டார்கள். அதட்ட மனம் வரவில்லை. ஒளிந்து பார்ப்பதற்காகவே செய்த தோட்டம் போலத்தான் அதுவும் இருந்தது. அங்கே கொப்பு வெட்டிக்கொண்டிருந்த தோட்டக்காரர் ஒருவர், வெட்டிக் கழித்த அரலியாத் துண்டுகளைப் பிள்ளைகளிடம் கொடுத்து, ஒரு வாரம் நிழலில் வைத்துப் பால் காய்ந்த பிறகு நடுமாறு சிங்களத்தில் சொன்னார். எனக்கு ஒரு அந்தூரியக் கன்றும் தந்தார். அவைதான் வெள்ளவத்தைக்குப் போன சாடிகள்.

அரலியாவுக்குத் தமிழில் உள்ள பழைய பெயர் ஈழத்தலரி. அகராதியில் இதைக் கண்ட நாளில் எனக்குச் சிரிப்பு வந்தது. அமெரிக்கக் கண்டத்து மரம் அது. ஐரோப்பியக் கப்பல்கள் அங்கு போய்வரத் தொடங்கிய பின்னரே கிழக்கே வந்தது. பிரான்சின் ப்ளூமியே என்ற பாதிரியாரின் பெயரைத் தாவரவியலார் அதற்கு வைத்திருக்கிறார்கள். ஆனால் அக்கரைத் தமிழர்கள் அதை ஈழத்து மரமென்றே கருதியிருக்கிறார்கள் போலும். இங்கே அது பன்சலையில் பூசைப் பூ, கோயில் வீதியில் நிழல். எங்கள் ஊர் மையவாடியில் மீசான் கட்டைகளுக்கு நடுவே அதன் வெள்ளைப் பூ உதிர்ந்து கிடக்கிறது. போகன்வில்லா தென்னமெரிக்கா, அந்தூரியம் கொலம்பியா, குரோட்டன் மலுக்குத் தீவுகள், நோன்புக் காலத்தில் தேங்காய்ப்பாலில் கறியாக்கும் ஈரப்பலா பசிபிக் தீவுகள். கறிக்குள் போடும் மிளகாயும் இந்த ஊரில்லை. செடியிலிருந்து மனிதனுக்குத் தாவுவது ஆசிரியத் தொழிலின் கெட்ட பழக்கம் என்பதை அறிவேன். ஆயினும் வகுப்பில் இந்தப் பட்டியலைக் கரும்பலகையில் எழுதிய அன்று, அந்தப் பையன் ஒன்றும் பேசாமல் முழுவதையும் கொப்பியில் இறக்கிக்கொண்டான்.

பெவிஸின் தோட்டம் யாரை முதலில் பாதித்தது என்றால், அவருடைய சொந்தத் தம்பியைத்தான். ஜெஃப்ரி பாவா அவருக்குப் பத்து வயது இளையவர். கேம்பிரிட்ஜில் படித்து, சட்டத்தரணியாகி, அத்தொழிலில் மனம் ஒட்டாமல் உலகம் சுற்றித் திரும்பியவர். நாடு சுதந்திரம் பெற்ற 1948இல் பெந்தோட்டைக்கு அண்மையில், தெத்துவ ஏரிக்கரையில், லுனுகங்க என்ற இறப்பர்க் காணியை வாங்கினார். அண்ணன் இருபது வருடமாகச் செய்து கொண்டிருந்ததைத் தம்பி கண்ணால் கண்டிருந்தார். இறப்பர்க் காணியும் தோட்டமாகும் என்பதற்குச் சாட்சி சில மைல் தொலைவிலேயே இருந்தது. ஆனால் அவர் அண்ணனைப் பார்த்து எழுதவில்லை. பெவிஸ் செடிகளைச் சேர்த்தார், ஜெஃப்ரி அகற்றினார். ஒரு மேட்டின் தலையைத் தாழ்த்தி ஏரியையும் அதற்கப்பால் ஒரு தாதுகோபத்தையும் காட்சிக்குள் கொண்டுவந்தார். பூக்களை மட்டுப்படுத்திப் பச்சையையே நம்பினார். அரலியா மரத்தின் கிளைகளில் பாரங்களைக் கட்டித் தொங்கவிட்டு, தாம் விரும்பிய வளைவுக்கு அவற்றைத் தாழ்த்தினாராம். எனக்கு அது சற்றுக் கொடுமையாகவே படுகிறது. ஆனால் அந்த மரங்களின் நிழற்படத்தைப் பார்த்தால் வாயடைத்துப் போகிறது.

தோட்டம் செய்யப்போய்த்தான் அவருக்குக் கட்டடம் கட்டும் ஆசை வந்தது. இலண்டனில் மறுபடி மாணவராகி, 38 வயதில் கட்டடக்கலைஞர் ஆனார். அந்த வயதில் பயிற்சிக்குப் போனால் நம்மூரில் என்ன சொல்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பிறகு கொழும்பில் அவர் செய்தவை உலகறிந்தவை. பகதல வீதியின் 33ஆம் ஒழுங்கையில் ஒரு வரிசைச் சிறு வீட்டில் 1950களின் கடைசியில் குடிபுகுந்து, 1968 அளவில் வரிசையின் நான்கு வீடுகளையும் ஒன்றாக்கினார். உள்ளுக்குள் வெளிச்சம் விழும் சின்னஞ்சிறு முற்றங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மரமோ கொடியோ. 1960-62இல் ஏனா டி சில்வாவுக்குக் கட்டிய வீட்டில் நடுமுற்றத்தைச் சுற்றியே அறைகள். நகரக் காணி சுருங்கும்போது தோட்டத்தை வீட்டுக்கு வெளியே தேடாமல் வீட்டுக்கு உள்ளே வைத்தார் என்பதுதான் விடயம். அந்த வீட்டைப் பின்னாளில் கல் கல்லாகக் கழற்றி எடுத்து லுனுகங்கவில் மீண்டும் கட்டியிருக்கிறார்கள். 2001இல் அவருக்கு ஆகா கான் கட்டடக்கலை விருதின் தலைவர் விருது கிடைத்தது. 2003இல் காலமானார்.

தம்பிக்கு உலகப் புகழ் வந்தது, நூல்களும் வந்தன. அண்ணன் 1992இல் இறந்தபோது காணியின் பகுதிகளைத் தம்மிடம் வேலை செய்தவர்களுக்கு விட்டுச் சென்றார். கட்டடத்தை வரைபடமாகப் பாதுகாக்கலாம். தோட்டமோ ஒரு மழைக்காலம் கவனியாதுவிட்டால் காடாகிவிடும். வரலாறு எழுதுவோர் சுவரைப் பிடித்துக்கொண்டு செடியை விட்டுவிடுவது இதனால்தான் போலும். பாவா என்றால் ஜெஃப்ரி மட்டுமே என்று ஆகிவிட்டதில் எனக்கு உடன்பாடில்லை.

'பாவா நம்மவர்' என்று நம் மேடைகளில் சிலர் பெருமைப்படக் கேட்டிருக்கிறேன். றாத்தீப் மஜ்லிஸ்களில் றபான் தட்டும் பாவாமாரை அறிந்த நமக்கு அந்தப் பெயர் இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் சகோதரர் இருவரும் முஸ்லிம்களாக வாழ்ந்தவர்கள் அல்லர். ஒரு பாட்டனாரை வைத்துக்கொண்டு உரிமை கொண்டாடுவதும், 'எங்கிருந்து வந்தாய்' என்று எங்கள் பையனைக் கேட்டதும் ஒரே கணக்கில் வருகிற காரியங்கள். இத்தீவின் பழைய நல்ல கட்டடங்களைச் சிங்களம், ஒல்லாந்து, போர்த்துக்கேயம் என்று கூறுபோட வேண்டியதில்லை, எல்லாமே இந்நாட்டுக் கட்டடக்கலைதான் என்பதே ஜெஃப்ரியின் நிலைப்பாடாக இருந்தது. கொம்பனித்தெருவின் ஓரத்தில், பேரை வாவியின் மேல் 1970களில் அவர் வடிவமைத்த சீமா மாலக்கயவைப் பாருங்கள். அது பௌத்தர்களின் தியான மண்டபம். அதற்குப் பணம் கொடுத்தவர்கள் எஸ். எச். மூசாஜி என்ற முஸ்லிம் வர்த்தகரும் அவர் மனைவியும். இறந்துபோன தம் மகனின் நினைவாகக் கொடுத்தார்கள். இதையும் வகுப்பில் சொன்னேன்.

நடுமுற்றம் பற்றிப் பேசும்போது எனக்குக் கொட்டாஞ்சேனை மாமி வீடு நினைவுக்கு வரும். சிறுவயதில் அங்கே போனால் வீட்டு நடுவில் வானம் தெரியும். மழை நேராக உள்ளே விழும்; பிள்ளைகள் அதில் குளிப்போம். பின்னர் சொத்தைப் பிரித்தபோது முற்றத்துக்கு மேல் தகரம் வந்தது. தகரத்தின் கீழ் ஓர் அறை வந்தது. குற்றம் சொல்ல முடியாது, பிள்ளைகளுக்கு இடம் வேண்டும். அங்கிருந்து சற்றுத் தொலைவில்தான் ப்ளூமெண்டால். ஒல்லாந்த மொழியில் அப்பெயருக்குப் 'பூப் பள்ளத்தாக்கு' என்று பொருள். நகரத்தின் குப்பையைப் பல ஆண்டுகள் அங்கே கொட்டி மலையாக்கினார்கள். காற்று திரும்பும் நாட்களில் மாமி ஜன்னல்களைச் சாத்திவிடுவார்.

முற்றம் போன பிறகும் மாமி செடியை விடவில்லை. வாசற்படியின் இருபக்கமும் பால்மாப் பேணிகளில் குரோட்டன் வரிசை. சுற்றுலா போய்வந்த அந்த வருடம் கொட்டாஞ்சேனைக்குப் போனபோது, பாடசாலைப் பாத்திக்கென்று ஒரு கட்டுக் குரோட்டன் கொப்பு வெட்டித் தந்தார். "இது எங்க எடுத்த மாமி?" என்று கேட்டேன். "பக்கத்து வீட்டு மலாய் மனிசி தந்த. அவக்கு அவட உம்மா குடுத்ததாம்" என்றார்.

பாடசாலையின் பின்புறம், கிணற்றடியில், எட்டாந் தரத்துப் பிள்ளைகள் ஒரு பாத்தி போட்டார்கள். களவிலவு அரலியா, கொட்டாஞ்சேனைக் குரோட்டன், அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்தவை. எதை எங்கே வைத்தோம், எப்படி இருக்கிறது என்று எழுத ஒரு பெரிய கொப்பி வைத்து, நானே அடிமட்டத்தால் கோடு போட்டுக் கொடுத்தேன்: செடியின் பெயர், வந்த இடம், நட்ட திகதி, இப்போதைய நிலை. 'வந்த இடம்' என்ற கூட்டில் கண்டத்தின் பெயரை எழுத வேண்டுமென்று சொல்லி, கரும்பலகைப் பட்டியலையும் நினைவூட்டினேன். பெரும்பாலானோர் அமெரிக்கா, பசிபிக் என்று ஒழுங்காக எழுதினார்கள். கேள்வி கேட்ட அந்தப் பையன் கொண்டுவந்தது ஒரு போகன்வில்லா. அவன் இப்போது கட்டாரில் வேலை செய்கிறான். கொப்பி என்னிடம் இருக்கிறது. அவனுடைய வரியில் பெயரும் திகதியும் சரியாக இருக்கின்றன. வந்த இடம் என்ற கூட்டில் 'எங்கட மாமி வீட்டு வேலி' என்று எழுதியிருக்கிறான்.